நல்ல அண்ணன் தம்பிகளின் மாதம்

"ஸ்டூல் கால்ல விரிசல் இருந்துச்சு. புது வருஷத்துக்கு வந்தப்பவே சொன்னேன், அதத் தூக்கிப் போடுங்கன்னு."

"ஸ்டூல் என்ன பண்ணும்? ஸ்டூல இழுத்துட்டாங்க."

"யாரு இழுத்தா?"

"பாரு, கேக்குறா! இந்த மாசத்துல என் வாயால சொல்ல வைக்கப் பாக்குறா!"

அரசு ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவு. சக்கரக் கட்டிலுக்கு இந்தப் பக்கம் அம்மா லீஜூ, அந்தப் பக்கம் அன்று அங்கே டியூட்டியில் இருந்த மகள் யூவென். நடுவில் அப்பா தியென்சூ கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தார். வலது கால் இடது காலைவிடக் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கமாகத் திரும்பிக் கிடந்தது. நான் பக்கத்து வீட்டுக்காரி ஹூவா. முற்றத்தில் நூடுல்ஸ் காயப் போட்டுக்கொண்டிருந்தவள் லீஜூ போட்ட கூச்சலைக் கேட்டு ஓடி, அப்படியே ஆம்புலன்ஸிலும் ஏறி வந்துவிட்டேன். கையில் ஒட்டிய மாவு காய்ந்து கட்டில் விரிப்பின்மேல் உதிர்ந்துகொண்டிருந்தது.

எங்கள் சந்திரக் கணக்கில் ஏழாம் மாதம் அது. செத்துப்போய்க் கீழே இருப்பவர்களுக்குக் கதவு திறந்துவிடுகிற மாதம். தெருவுக்குத் தெரு மேசை போட்டு அவர்களுக்குச் சாப்பாடு வைப்போம். பேய் என்று ஒருவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. நல்ல அண்ணன் தம்பிகள் என்றுதான் சொல்வோம். அன்று மதியம் லீஜூ வாசலில் மேசை போட்டு, கோழி, மீன், அரிசி, சொந்தக் காட்டு அன்னாசி எல்லாம் அடுக்கி ஊதுபத்தியும் ஏற்றிவிட்டாள். மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. பத்தி நனைந்துவிடுமே என்று தார்ப்பாயை இழுத்துக் கட்ட தியென்சூ ஸ்டூலில் ஏறினார். அப்புறம் நடந்ததை யாரும் பார்க்கவில்லை.

"வழுக்கி விழுந்தாரா, தலை சுத்தி விழுந்தாரா?" என்று யூவென் அம்மாவைக் கேட்டாள்.

"சொல்றேனே, இழுத்துட்டாங்கன்னு."

"வழுக்கி" என்று கணினியில் தட்டிக்கொண்டாள். "பிரஷர் மாத்திரை தவிர வேற ஏதாவது சாப்பிடுறாரா?"

"உனக்குத் தெரியாததா? அந்த ஒண்ணுதான்."

அதையும் தட்டினாள். அதற்குள் அடுத்த திரைக்குள்ளிருந்து ஒரு குரல்: "நர்ஸ் பொண்ணே! டாக்டர் எப்ப வருவாரு?"

யூவென் பல்லைக் கடித்துக்கொண்டு திரைக்குள் போனாள். சந்தையில் மீன் விற்கிறவர் ஒருத்தர் பனிக்கட்டியில் வழுக்கி மணிக்கட்டை உடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திரை பாதி திறந்திருந்ததால் எனக்கு எல்லாம் தெரிந்தது. உதவியாள் ஒருத்தன் அவருடைய முழங்கையை மேலே இழுத்துப் பிடிக்க, இவள் விரல்களைப் பற்றிக்கொண்டு, தன் முழு எடையையும் பின்னால் சாய்த்து இழுத்தாள். ஒல்லிப் பெண். கழுத்து நரம்பு புடைத்தது. பொறுமையாக, மாட்டை நுகத்துக்குத் திருப்புகிறவனைப் போல மணிக்கட்டைத் திருப்பி அழுத்தினாள். உள்ளே ஏதோ நகர்ந்து உட்கார்ந்த சத்தம் எனக்கே கேட்டது.

"ஐயோ! டாக்டர் வரட்டும்னு சொன்னேனே!"

"டாக்டர்தான் அண்ணே இழுத்துட்டு இருக்கேன். விரல ஆட்டுங்க."

"நீயா? எலும்பு டாக்டரா?"

"விரல ஆட்டுங்க, அண்ணே."

மாவுக்கட்டுப் போட்டுவிட்டு வரும்போது முழங்கைவரை வெள்ளையாக இருந்தாள். எங்கள் இருவர் கையையும் பார்த்தால் ஒரே தொழில் செய்கிறவர்கள் என்றுதான் நினைப்பார்கள்.

அப்பாவின் படம் வந்திருந்தது. தொடை எலும்பு இடுப்பில் சேர்கிற இடத்துக்குக் கொஞ்சம் கீழே இரண்டாகப் பிரிந்து நின்றது. யூவென் அதைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தாள். அவளுடைய பெரிய டாக்டர், தூ என்று பெயர், கையில் பாதி சாப்பிட்ட சோற்றுப் பெட்டியோடு வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "நாளைக்கு முதல் கேஸ். உள்ள கம்பி வைக்கணும். நீ உள்ள வரக் கூடாது. உங்கப்பா" என்று சொல்லிவிட்டு, நின்றபடியே மீதிச் சோற்றை வாயில் போட்டுக்கொண்டு போனார்.

"நாளைக்கா?" என்றாள் லீஜூ. "நாளைக்கு எப்படி? மாசம் முடியட்டும்."

"மாசம் முடிய இன்னும் பாதிக்கு மேல இருக்கு."

"இருக்கட்டும். இந்த மாசத்துல கத்தி வைக்க விடமாட்டேன். உடம்பத் திறந்து வச்சா யாரு வேணா உள்ள பூந்துக்குவாங்க."

"யாரு பூந்துக்குவாங்க? கிருமிதான் பூந்துக்கும். அதுக்கு மருந்து இருக்கு. அம்மா, இந்த எலும்போட படுக்கப் போட்டா நெஞ்சுல சளி கட்டும், முதுகு புண்ணாகும், கால்ல ரத்தம் உறையும். மாசம் முடிஞ்சப்புறம் வெட்டுறதுக்கு அப்பாவே..."

"ஷ்ஷ்! வாயக் கழுவுடி!"

நர்ஸ் சம்மதத் தாளை நீட்ட, லீஜூ இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். தியென்சூ ஒருமுறை கண்ணைத் திறந்து இருவரையும் பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டார்.

*

எலும்பு வார்டில் அவருக்குப் பன்னிரண்டாம் கட்டில். காலில் பஞ்சு உறை மாட்டி, அதிலிருந்து கயிறு கட்டில் முனையில் ஒரு உருளைமேல் போய், கீழே எடை தொங்கியது. எடை லேசாக ஆடினாலும் முகத்தைச் சுளிப்பார். பக்கத்துக் கட்டிலில் அவருக்கு அப்புறம் வந்து சேர்ந்த கின்ஷான் என்கிற லாரிக்காரர், கணுக்கால் உடைந்து கிடந்தார். வெற்றிலைபாக்குக் கிடைக்காமல் நாளெல்லாம் வாயைச் சப்புக் கொட்டிக்கொண்டிருப்பார். பேச்சுக்குத்தான் பஞ்சமே இல்லை.

அடுத்த நாள் காலை லீஜூ வீட்டுக்குப் போய்க் குளித்து, ஒரு கூடை அன்னாசியோடு வந்தாள். சீவி, துண்டு போட்டு, உப்பு நீரில் முக்கி எடுத்த அன்னாசி. நர்ஸ்கள் உட்காரும் மேசைமேல் கொண்டுபோய் வைத்தாளோ இல்லையோ, அங்கே ஒரே கூச்சல்.

"ஐயோ, எடுங்க, எடுங்க! யாரு கொண்டு வந்தது?"

"டாக்டர் யூவென்! உங்கம்மா!"

அன்னாசிக்கு எங்கள் வாயில் ஓங்-லாய் என்று பெயர். 'செழித்து வரட்டும்' என்பதும் அதே ஓசைதான். கடைக்காரன் அதை வாசலில் தொங்கவிடுவான். ஆஸ்பத்திரியில் வைத்தால் எது செழித்து வரும் என்று யோசித்துப் பாருங்கள். யூவென் ஓடி வந்து கூடையைத் தூக்கிக்கொண்டு எங்களிடம் வந்தாள். முகத்தில் முகமூடி அழுத்திய தடம். விடிந்ததிலிருந்து அறுவை அறையில், எக்ஸ்ரேயைத் தடுக்கிற ஈய அங்கியைப் போட்டுக்கொண்டு யாருடைய காலையோ தூக்கிப் பிடித்தபடி நின்றிருக்கிறாள். அங்கியின் எடையில் தோள் கீழே இறங்கியிருந்தது.

"எத்தன தடவ சொல்லியிருக்கேன், இங்க அன்னாசி கொண்டு வராதன்னு? போன தடவ நீ கொடுத்தனுப்பின அன்னைக்கு ஒரு பஸ்ஸே கவுந்துச்சு. இன்னைக்கு வரைக்கும் என்னை அன்னாசி டாக்டர்னு கூப்பிடுறாங்க."

"அப்படியா?" லீஜூ நிதானமாக இடுப்பில் கை வைத்தாள். "ஓங்-லாய்னு பேரு இருந்தா பஸ் கவுந்துடுமா?"

"கவுந்துச்சே!"

"ஹூவா அக்கா, கேட்டீங்களா? நான் ஏழாம் மாசம் ஆகாதுன்னா நான் படிக்காதவ. இவ அன்னாசி ஆகாதுன்னா அது வைத்தியம்."

லாரிக்காரர் சிரித்தார். சிரித்ததில் கணுக்கால் ஆடி, "ஆ!" என்றார்.

"அது வேற, இது வேற."

"எது வேற? கீழ எக்ஸ்ரே மெஷின் தலையில பச்சைப் பொட்டலத் தீனி வச்சிருக்கீங்களே, மெஷின் சொன்னபடி கேக்கணும்னு. அது எந்தப் புத்தகத்துல இருக்கு?"

"அது... சும்மா வச்சிருக்கோம்."

"சும்மாதானே? எடுத்துப் போட்டுடு பாப்போம்."

"எடுத்தா சீனியர் அடிப்பாரு."

"ம்!" என்றாள் லீஜூ. அந்த ஒரு எழுத்தில் வழக்கு முடிந்துவிட்டது. யூவென் ஒரு துண்டு அன்னாசியை எடுத்து வாயில் போட்டு, கோபத்தோடு மென்றுகொண்டே போய்விட்டாள்.

மதியம் யூவெனின் அண்ணன் யூஹாவ் வடக்கே ஷின்ச்சுவில் கம்ப்யூட்டர் சில்லு செய்கிற தொழிற்சாலையிலிருந்து போனில் முகம் காட்டினான். தலையில் வெள்ளைக் குல்லா.

"யூவென், என் மேனேஜருக்குத் தெரிஞ்ச புரொபசர் ஒருத்தர் தைபேயில இருக்காரு. இடுப்பு எலும்புக்கு அவருதான். அப்பாவ அங்க கொண்டு போயிடலாமா?"

"எப்படிண்ணே? அதிவேக ரயில்ல ஜன்னல் சீட்டு போடவா?"

"ஏன் எடுத்தெறிஞ்சு பேசுற? அது அரசு ஆஸ்பத்திரி, அங்க எல்லாரும் பழகுறதுக்கு வந்த பசங்கன்னு ஆபீஸ்ல சொல்றாங்க..."

"ஆமா. பழகுறதுக்கு வந்த பசங்கள்ல நானும் ஒருத்தி."

"உன்னைச் சொல்லல."

"பின்ன என்னை வச்சு என்ன சொன்ன? அண்ணே, நீ வர்றியா, வரலயா?"

"இந்த வாரம் லைன நிறுத்த முடியாது..."

அவள் போனை அணைத்து அம்மாவின் மடியில் போட்டாள். தியென்சூ கண்ணை மூடியே இருந்தார். நான் கொண்டுபோயிருந்த பால்கெண்டைக் கஞ்சியை ஊட்டப் போனால், இரண்டு வாய்க்கு மேல் வேண்டாம் என்று தலையைத் திருப்பிக்கொண்டார். மீன் கஞ்சி என்றால் சட்டியை வழித்துத் தின்கிறவர் அவர்.

*

அதற்கடுத்த நாள் அவர் வாந்தி எடுத்தார். நர்ஸ் பிரஷர் பார்த்தாள், முகம் மாறியது, மறுபடி பார்த்தாள். ரொம்பக் குறைவு. பெரிய டாக்டர் தூ வந்தார். நெஞ்சுப் படத்தைப் பார்த்தார். சளி இல்லை. காய்ச்சலும் இல்லை. ரத்தத்தில் உப்பு மட்டும் இறங்கியிருந்தது.

"ஒண்ணோட ஒண்ணு சேரல" என்று தலையைச் சொறிந்தார்.

"படுக்கப் போட்டதுதான் சார் காரணம்" என்றாள் யூவென். "நேத்தே வெட்டியிருக்கணும். இன்னைக்காவது..."

"இந்த பிரஷர்ல எந்த மயக்க டாக்டர் தொடுவாரு? உங்கம்மா சரின்னு சொன்னாலும் இப்ப என்னால முடியாது."

அவர் போனதும் யூவென் அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள். கத்தவில்லை. கத்தாததுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"அம்மா, அப்பா இறங்கிட்டே போறாரு. உனக்குப் புரியுதா? பிரஷர் கொஞ்சம் ஏறினா, அந்த நேரத்துல கொண்டு போயிடணும். நீ அப்ப வேண்டாம்னு சொல்லாத. கால்ல விழுறேன்."

லீஜூ மகளின் கையை எடுத்துவிட்டாள். "கோயிலுக்குப் போய்க் கேட்டுட்டு வர்றேன். சாமி சரின்னா சரி."

"கேளு. போய்க் கேளு. குடை எடுத்துட்டுப் போ."

மழை பிடித்துக்கொண்டது. ஜன்னலுக்கு வெளியே பனைகள் தலையை விரித்து ஆடின. கொஞ்ச நேரத்தில் லீஜூவின் போன் எனக்கு வந்தது. பின்னால் மணிச் சத்தம்.

"ஹூவா அக்கா, சாமிகிட்ட கேட்டுப் பிறைக்கட்டை ரெண்டையும் போட்டேன். சாமி சிரிச்சிடுச்சு."

"எத்தன தடவ?"

"போடுறப்ப எல்லாம் சிரிக்குது. ரெண்டு கட்டையும் மல்லாக்கவே விழுது. ஆமான்னும் சொல்லல, இல்லன்னும் சொல்லல."

"கேள்வி சரியில்லன்னா சாமி சிரிக்கும்டி. மாத்திக் கேளு."

"இதுக்கு மேல எப்படி மாத்திக் கேக்குறது?" என்று அழுதாள்.

போனை வைத்துவிட்டுத் திரும்பினால், தியென்சூ கையை நீட்டி, தலைமாட்டில் தொங்கிய மணிப்பொத்தானைத் தடவிக்கொண்டிருந்தார். நான் எடுத்துக் கொடுத்தேன். அவரே அழுத்தினார்.

நர்ஸ் வந்தாள். வயசான நோயாளிகளை அங்கே பெரியப்பா, பெரியம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். "என்ன பெரியப்பா?"

"டாக்டர வரச் சொல்லு."

"உங்க பொண்ணையா?"

"பொண்ணு வேண்டாம். டியூட்டி டாக்டர்."

"டியூட்டி டாக்டரே உங்க பொண்ணுதானே?"

"அப்ப அந்த டாக்டர வரச் சொல்லு."

யூவென் ஓடி வந்தாள். ஒரு கையுறையைக் கழற்றியிருந்தாள், மற்றது கையிலேயே இருந்தது. "என்னப்பா? மறுபடி வாந்தியா? ஹூவா அத்தை, பிரஷர் பாத்தாங்களா? பாட்டில் ஏன் இவ்வளவு மெதுவா இறங்குது?"

"நான் உங்கப்பா இல்ல. பன்னிரண்டாம் கட்டில்."

"விளையாடாதீங்கப்பா. கீழ ஆளு காத்துட்டு இருக்காங்க."

"இவன் வந்தன்னைக்கு இவன்கிட்ட எப்படிக் கேட்ட?" கண்ணால் லாரிக்காரரைக் காட்டினார். குரல் மெலிந்திருந்தது, ஆனாலும் நிறுத்தவில்லை. "நாற்காலிய இழுத்துப் போட்டு உக்காந்த. எங்க வலிக்குது, எப்படி விழுந்தீங்க, என்னென்ன திங்குறீங்க, எல்லாம் கேட்ட. திரைக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டுச்சு. என்கிட்ட வந்தா பாட்டிலப் பாக்குற, மெஷினப் பாக்குற, உங்கம்மாவப் பாத்துக் கத்துற, போயிடுற."

"நெசந்தான் டாக்டரம்மா" என்றார் லாரிக்காரர். "என்கிட்ட என் நாய் பேரு வரைக்கும் விசாரிச்சீங்க."

"நீங்க சும்மா இருங்க!"

சொல்லிவிட்டு அவள் அப்படியே நின்றாள். பிறகு மற்றக் கையுறையையும் கழற்றிப் பையில் போட்டாள். நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். அவள் உட்கார்ந்து நான் அப்போதுதான் பார்த்தேன்.

"பெரியப்பா" என்றாள். "எங்க வலிக்குது?"

"இடுப்பு வலிக்குது. உடைஞ்சா வலிக்கும், அது சரி. வயித்தப் பிசையுது. துணியப் பிழிஞ்சு போட்ட மாதிரி கெடக்கேன், டாக்டர். கை தூக்க முடியல. இங்க வந்ததுலேர்ந்து கூடிட்டே போகுது."

"பிரஷர் மாத்திரை தவிர வேற என்ன மருந்து சாப்பிடுறீங்க?"

தியென்சூ என்னைப் பார்த்தார். வாசலைப் பார்த்தார். "என் பொண்ணுகிட்ட சொல்லமாட்டீங்களே?"

யூவென் நாற்காலியைக் கிட்டே நகர்த்தினாள். "சொல்லமாட்டேன், பெரியப்பா."

"ரேடியோப் பொடி."

எங்கள் பக்கத்தில் யாருக்குத் தெரியாது அது? பழைய பாட்டுப் போட்டு, நடுநடுவே அக்கா, அண்ணே என்று உருகிப் பேசி, லைசென்ஸ் இல்லாத ஸ்டேஷன் விற்கிற பொடி. முட்டி வலி, முதுகு வலி, தூக்கமின்மை எல்லாவற்றுக்கும் அது ஒன்றுதான்.

"எத்தன வருஷமா?"

"என் பொண்ணு டாக்டருக்குப் படிக்கப் போனாளே, அந்த வருஷத்துலேர்ந்து."

"தினமுமா?"

"அன்னாசிக் காட்டுல தினமும் குனியணுமே. போட்டா முட்டி எண்ணெய் போட்ட கீல் மாதிரி போகும். போடாம விட்டா எந்திரிக்க முடியாது. அவகிட்ட சொன்னா ஊரக் கூட்டிடுவா."

"இங்க வந்தப்புறம் சாப்பிட்டீங்களா?"

"எங்க? மழைக் கோட்டுப் பையில இருந்துச்சு. கோட்டு வீட்டுலயே இருக்கு."

யூவென் எழுந்து அவர் தாடையைப் பிடித்து முகத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினாள். வட்டமாக, பளபளவென்று இருந்தது முகம். முழங்கைத் தோலை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தாள். அரிசித்தாள் மாதிரி மெலிந்து, ஊதா ஊதாவாகக் கன்றியிருந்தது. இதே முகத்தையும் இதே தோலையும் அவள் வாரா வாரம் பொடி தின்கிற யாராவது ஒரு கிழவரிடம் கண்டுபிடித்துத் திட்டுகிறவள். புது வருஷத்துக்கு வந்தபோது இவரைப் பார்த்து, "ஹூவா அத்தை, அப்பா முகம் எப்படிப் பூரிச்சிருக்கு பாருங்க, அம்மா நல்லாச் சாப்பாடு போடுறாங்க போல" என்று என்னிடம்தான் சொன்னாள்.

போனை எடுத்தாள். "சார், பன்னிரண்டாம் கட்டில். ரேடியோப் பொடி சார். பல வருஷமா. ஸ்டீராய்டு உள்ள இருக்கும். திடீர்னு நின்னுபோச்சு, அதான் இறங்குறாரு." அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள். "இல்ல சார். நான் கேக்கல. அம்மா சொன்னத எழுதிட்டேன்." மறுபடி ஏதோ. "ஆமா சார். தெரியாம நாம ஆபரேஷன் மேசையில போட்டிருந்தோம்னா... ஆமா. போடுறேன். இப்பவே போடுறேன்."

ஸ்டீராய்டு ஊசியை நர்ஸ் கையிலிருந்து வாங்கி அவளே போட்டாள். முடிந்ததும் கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தண்ணீர் ஓடுகிற சத்தம் ரொம்ப நேரம் கேட்டது.

லீஜூ நனைந்து வந்து சேர்ந்தபோது பிரஷர் ஏறத் தொடங்கியிருந்தது. தியென்சூ "கஞ்சி இருக்கா?" என்று கேட்டார். மகள் அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னாள். கட்டை எப்படி விழுந்ததென்று சொல்ல வந்த லீஜூ அதை மறந்துபோனாள்.

"இரு, இரு. அப்ப நீ சொன்னன்னைக்கே வெட்டியிருந்தா?"

"கஷ்டமாப் போயிருக்கும்."

"கஷ்டம்னா?"

"பிரஷர் விழுந்திருக்கும்."

"விழுந்தா?"

"அம்மா, விடு."

"விழுந்தா என்னன்னு கேக்குறேன்!"

"எழுப்ப முடியாமப் போயிருக்கலாம். போதுமா?"

லீஜூ வார்டு முழுக்கக் கேட்கும்படி திரும்பினாள். "கேட்டீங்களா எல்லாரும்? தடுத்து வச்சிருந்தாங்க! நல்ல அண்ணன் தம்பிங்கதான் தடுத்து வச்சிருந்தாங்க! இவ படிச்ச படிப்பு என்னாச்சு?"

"அவங்கதானே ஸ்டூல இழுத்தாங்கன்ன?"

"இழுத்தவங்க வேற. தடுத்தவங்க வேற."

யூவென் திரும்பிக்கொண்டாள். நெற்றியைச் சுவரில் வைத்துக்கொண்டு நின்றாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

"டாக்டர்" என்றார் கட்டிலிலிருந்து தியென்சூ. கஞ்சி உதட்டில் ஒட்டியிருந்தது. "எப்ப வெட்டுவீங்க?"

"பிரஷர் நிலைச்சு நின்னா, நாளன்னிக்கு."

"வெட்டுங்க. தாள எங்கிட்ட குடுங்க, நான் கையெழுத்துப் போடுறேன். எல்லாரும் அவகிட்டயே நீட்டுனீங்க. கால் என்னோடது."

"மாசம்..." என்று ஆரம்பித்தாள் லீஜூ.

"இந்த மாசம் வெளிய வர்றவங்க யாரு? எங்க அண்ணன் இருக்கான். போன வருஷம் போன உன் தங்கச்சி புருஷன் இருக்கான். பாதிப் பேரு எனக்குத் தெரிஞ்சவங்க, லீஜூ. வந்தா வரட்டும். உள்ள தனியாத்தானே படுக்கப் போறேன்."

லீஜூ கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். அவர் உதட்டில் ஒட்டியிருந்த கஞ்சியை விரலால் துடைத்தாள்.

*

அறுவை அறைக்கு வெளியே நாங்கள் மூவரும் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தோம். யூவெனை உள்ளே விடவில்லை. சும்மா உட்காரவும் அவளால் முடியவில்லை.

"இப்ப கால இழுத்து எலும்ப நேராக்குவாங்க... இப்ப தோல்... இப்ப கம்பி உள்ள போகும். அதுக்குச் சுத்தியல் வேணும்."

"சுத்தியலா?" என்றாள் லீஜூ.

"ஆமாம்மா."

"நீயும் அடிப்பியா?"

"அடிக்கிறேனே. தினமும்."

"வீட்டுல ஒரு ஆணி அடிக்கச் சொன்னா அடிச்சதில்லயேடி நீ."

யூவெனின் வலது கை மடியில் கிடந்தபடியே மணிக்கட்டை மட்டும் மெல்ல மெல்ல ஆட்டிக்கொண்டிருந்தது. உள்ளே எந்த அடி எப்போது விழும் என்று அந்தக் கைக்குத் தெரிந்திருந்தது. கொஞ்ச நேரத்தில் லீஜூ அந்தக் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அதன்பிறகு இரண்டு கைகளும் சேர்ந்து ஆடின.

தூ வெளியே வந்து முகமூடியை இறக்கினார். "எலும்பு நனைஞ்ச பிஸ்கட் மாதிரி இருக்கு. பொடியோட வேலை. ஆனா கம்பி நல்லா உக்காந்துடுச்சு. நாளைக்கு நிக்க வைக்கலாம்." லீஜூ அவரைக் குனிந்து குனிந்து வணங்கினாள். விட்டிருந்தால் அவருக்கு அன்னாசியே கொடுத்திருப்பாள்.

மறுநாள் வெயில் அடித்தது. உடற்பயிற்சி சொல்லித்தருகிறவன் ஒரு பக்கம் இடுப்புப் பட்டையைப் பிடித்துக்கொள்ள, தியென்சூ நாலு கால் தாங்கியைப் பற்றி எழுந்து நின்றார். வேர்த்தது. யூவென் எதிரே நின்றாள். தொடவில்லை, கையை மட்டும் நீட்டி வைத்திருந்தாள்.

"கால ஊனுங்க. இன்னும். பயப்படாதீங்க, கம்பி தாங்கும்."

"ஊனிட்டேன்."

"மூச்ச அடக்காதீங்க. அந்தப் பொடி எல்லாத்தையும் ஹூவா அத்தை எடுத்துட்டு வந்துட்டாங்க. இனிமே நாங்க குடுக்குற மாத்திரைய மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக் குறைச்சுட்டு வரணும். வேற எங்கயாவது ஒளிச்சு வச்சிருக்கீங்களா?"

"கேக்குறது பொண்ணா, டாக்டரா?"

"டாக்டர்."

"அரிசி டின்னுக்குப் பின்னால ஒரு டப்பா இருக்கும்." அவர் ஒரு அடி எடுத்து வைத்தார். எல்லாரும் மூச்சை விட்டோம். "ஆனா அது என்னோடது இல்ல."

"பின்ன யாரோடது?"

தியென்சூ அடுத்த அடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜன்னலோரம் கொய்யா நறுக்கிக்கொண்டிருந்த லீஜூவின் கத்தி நின்றது. உடனே, ரொம்ப வேகமாக, மறுபடி நறுக்க ஆரம்பித்தாள்.

"என்ன? என்னை ஏன் பாக்குற? ஆளுக்கு ஆள் முதுகு வலி இல்லையா? ஊருல சாப்பிடாதவங்க யாரு?"

யூவென் அம்மாவைப் பார்த்தாள். கன்னத்தை, கழுத்தை, கத்தி பிடித்த மணிக்கட்டை, ஒவ்வொன்றாக, ரொம்ப மெதுவாகப் பார்த்தாள். இப்போது வார்டே இடியப் போகிறது என்று நான் காதைத் தீட்டிக்கொண்டேன். லாரிக்காரரும் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டார்.

அவள் காலாலேயே நாற்காலியை இழுத்துப் போட்டாள். அதன் முதுகைத் தட்டினாள்.

"பெரியம்மா, கத்திய வச்சுட்டு இங்க வந்து உக்காருங்க. சொல்லுங்க. உங்களுக்கு எங்க வலிக்குது?"